இருபத்திரண்டு கெஜம் – 11: ஸ்டம்புக்கு முன்னால் ஒரு கால்

லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மாலைத் தாண்டி இரண்டு குச்சிகளுக்கு நடுவே மூன்று முறை நுழைந்து போனதையும், அதைப் பார்த்தவர்கள் மனம் பொறுக்காமல் நடுவில் மூன்றாவது குச்சியை ஊன்றியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அது 1775. பந்துவீச்சாளர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய நியாயம் அது. ஆனால் எத்தனை குச்சி நட்டு என்ன, அவற்றுக்கு முன்னால் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு நின்றால்?

இந்த வாரம் எல்பிடபிள்யூ.

நம் ஊர்த் தெருக்களில் இந்த விதி கிடையாது. சுவரில் கரிக்கோடு போட்டு ஸ்டம்ப் வரைவோம். பந்து மதில் தாண்டினால் அவுட் என்போம். ஆனால் காலில் பட்டால் அவுட் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. அம்பயராக நிற்பவன் அடுத்து பேட்டிங் இறங்க வேண்டிய பையன். அவன் கையைத் தூக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டனில் இந்த விதியை எழுதியவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான் இருந்தது. எழுதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மட்டை பிடிக்கிறவர்கள். பந்துவீச்சு என்கிற கடும் உழைப்பை அவர்கள் சம்பள ஆட்களிடம் விட்டிருந்தார்கள். கிரிக்கெட் விதிகளில் இவ்வளவு தயங்கித் தயங்கி, இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு நியாயத்தின் பக்கம் நகர்ந்த விதி வேறொன்று இல்லை என்பது என் எண்ணம்.

1744-ஆம் ஆண்டு விதிகளில் கால் என்ற பேச்சே இல்லை. அன்று அது தேவைப்படவும் இல்லை. பந்து தரையோடு உருண்டு வந்தது. மட்டை ஹாக்கி மட்டை போல அடியில் வளைந்திருந்தது. வளைந்த மட்டையால் உருளும் பந்தை அடிக்க வேண்டுமென்றால் பந்தின் பாதையைவிட்டுத் தள்ளி நின்றுதான் வீச முடியும். 1760-களில் பந்துவீச்சாளர்கள் பந்தைக் காற்றில் அனுப்பி, அளவு பார்த்துக் குத்தவைக்கத் தொடங்கினார்கள். எழும்பி வரும் பந்தை எதிர்கொள்ள நேர் மட்டை வந்தது. நேர் மட்டை பிடித்தவன் பந்தின் பாதைக்குள் வந்து நின்றாக வேண்டும். அப்படி நின்றபோது கால் ஸ்டம்பை மறைத்தது. பேடு இன்னும் வராத காலம் என்பதை மறக்கக் கூடாது. வெறும் காலுறையோடு அந்தப் பந்தை வாங்கிக்கொள்ளத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அன்றைய ஆட்டங்களில் பிரபுக்கள் கட்டிய பந்தயப் பணம் அப்படிப்பட்டது.

1774 பிப்ரவரி 25 அன்று லண்டன் பால்மால் தெருவில், ஸ்டார் அண்ட் கார்ட்டர் விடுதியில் கூடிய கனவான்கள் குழு விதிகளைத் திருத்தி எழுதியது. பந்தைத் தடுக்கும் எண்ணத்தோடு காலை ஸ்டம்புக்கு முன் வைத்து, அதனால் பந்து ஸ்டம்பில் படாமல் போனால் அவுட் என்று முதன்முறையாக எழுதினார்கள். எண்ணத்தோடு என்ற ஒரு நிபந்தனை போதும், விதியை முடக்க. பேட்ஸ்மேன் மனதில் என்ன இருந்தது என்பதை நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ‘ஐயா, அடிக்கத்தான் போனேன், கால் தானாக வந்துவிட்டது’ என்று எவனும் சொல்லிவிடலாம்.

ஹாம்பிள்டன் காலத்து மகத்தான பேட்ஸ்மேன் ‘வெள்ளி பில்லி’ பெல்டம், முதிய வயதில் பாதிரியார் ஜேம்ஸ் பைகிராஃப்டிடம் பழைய கதைகளைச் சொன்னபோது இதையும் சொன்னார். ரிங் என்ற ஆட்டக்காரர் கூச்சமில்லாமல் காலைக் குறுக்கே வைத்ததாகவும், டாம் டெய்லரும் அதையே செய்யத் தொடங்கியதும் பந்துவீச்சாளர்கள் தோற்றுப்போனதாகவும், அதனால்தான் விதி வந்தது என்றும் அவர் நினைவு. ஆனால் ரிங் பெரிய ஆட்டங்களுக்கு வந்ததே 1780-களில். ஆகவே பெல்டம் சொன்னது 1774 விதியைப் பற்றியதாக இருக்க முடியாது. எம்சிசி (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) கைக்கு அதிகாரம் வந்தபின் 1788-இல் விதி இறுக்கப்பட்டதே, அதைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் ‘எண்ணம்’ என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. பந்து நேராகக் குத்தியிருந்தால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கத் தேவையில்லை என்றானது. பந்துவீச்சாளர்களுக்கு இது பெரிய ஆதாயம். ஆனால் கூடவே ஒரு புதுக் கட்டும் விழுந்தது: பந்து ‘நேராக’க் குத்த வேண்டும்.

எதற்கு நேராக? அடுத்த ஐம்பது ஆண்டுகள் இதிலேயே கழிந்தன. பந்துவீச்சாளரின் கையிலிருந்து ஸ்டம்புக்கா, அல்லது இந்தமுனை ஸ்டம்பிலிருந்து அந்தமுனை ஸ்டம்புக்கா? இரண்டும் ஒன்றில்லை. கை ஸ்டம்பிலிருந்து விலகித்தானே இருக்கிறது. பெயர்பெற்ற நடுவர்கள் இருவரே ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 1839-இல் எம்சிசி இரண்டாவது அர்த்தமே சரி என்று முடித்துவைத்தது. இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடையே இரண்டு கயிறு இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுகிய பாதைக்குள் பந்து குத்த வேண்டும், அதற்குள்ளேயே காலில் பட வேண்டும், ஸ்டம்பை அடிக்கும் பந்தாகவும் இருக்க வேண்டும். பாதையின் அகலம் அன்று எட்டு அங்குலம்.

அந்த எட்டு அங்குலத்துக்கு வெளியே என்ன நடந்தாலும் பேட்ஸ்மேனுக்குக் கவலையில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி, கிடுகிடுவென்று உள்ளே திரும்பி, நடு ஸ்டம்பைத் தகர்க்கப் போகிற பந்து: ஒரு பந்துவீச்சாளர் வீசக்கூடிய மிக அழகான பந்துகளில் ஒன்று அது. அதைக் காலால் தடுத்துவிட்டு, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கலாம். விதி பேட்ஸ்மேன் பக்கம்.

இந்த ஓட்டையை முதலில் யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பேடு மெலிதாக இருந்தது. காலால் தடுப்பது இழுக்கு என்ற எண்ணமும் இருந்தது. 1880-களில் நாட்டிங்காம்ஷயரின் ஆர்தர் ஷ்ரூஸ்பரி அதை ஒரு கலையாகவே மாற்றினார். அவர் சம்பளத்துக்கு ஆடியவர். கொடிய ஆடுகளங்களில் கூடத் தன் விக்கெட்டைக் காத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உள்ளே திரும்பும் பந்துக்குப் பேடைக் குறுக்கே வைத்து நிற்பார். கனவான்கள் முகம் சுளித்தார்கள். ‘இது கிரிக்கெட்டே இல்லை’ என்றார்கள். ஆனால் அவர் மீறிய விதி எது? எதுவும் இல்லை. மேசைக்காரர்கள் எழுதிவைத்த ஓட்டை வழியாகத்தான் அவர் போனார். 1870-இல் விழுந்த விக்கெட்டுகளில் நாற்பதுக்கு ஒன்று எல்பிடபிள்யூ என்றிருந்தது, 1923-இல் எட்டுக்கு ஒன்றாகிவிட்டது. இது நடுவர்கள் தாராளமானதால் வந்த கணக்கு மட்டும் இல்லை. கால் ஸ்டம்புக்கு முன்னால் வருவதே அவ்வளவு பெருகிவிட்டது.

ராபர்ட் லிட்டில்டன் என்றொரு மனிதர் இதைத் திருத்தியே தீருவது என்று வாழ்நாள் முழுக்கப் போராடினார். அவருடைய தம்பி ஆல்ஃபிரட் இங்கிலாந்துக்கு ஆடியவர். பந்து எங்கே குத்தினால் என்ன, ஸ்டம்புக்கு நேராகக் காலில் பட்டு, ஸ்டம்பை அடிக்குமானால் அவுட் கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 1900-களின் தொடக்கத்தில் எம்சிசி உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு 259. எதிர்ப்பு 188. பெரும்பான்மை கிடைத்தது, ஆனால் விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தீர்மானம் செத்தது. எழுபத்தொரு வாக்கு அதிகம் வாங்கியும் தோற்ற அந்தத் தீர்மானம் அன்றே நிறைவேறியிருந்தால் கிரிக்கெட்டின் இருபதாம் நூற்றாண்டு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன்பின் வந்த முப்பதாண்டுகளில் ஆடுகளங்கள் பளிங்குபோல் ஆயின, ரன்கள் மலைபோல் குவிந்தன. 1930-இல் டான் பிராட்மன் ஒரே தொடரில் 974 ரன் எடுத்தார். ஸ்டம்பை அகலப்படுத்தினார்கள், எட்டு அங்குலம் ஒன்பதானது, உயரம் 27-லிருந்து 28 ஆனது. பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆஃப் பக்கம் வீசினால் பேடு காத்திருக்கிறது என்று தெரிந்த வேகப்பந்து வீச்சாளர்கள் லெக் பக்கம், உடம்பை நோக்கி வீசத் தலைப்பட்டதில் வியப்பில்லை. 1932-33 பாடிலைன் கலகத்துக்குப் பல காரணங்கள் உண்டு, தனி அத்தியாயத்தில் வருவோம். எல்பிடபிள்யூ விதியின் கஞ்சத்தனமும் அந்தக் காரணங்களில் ஒன்று என்று அன்றே சொன்னவர்கள் இருந்தார்கள்.

பாடிலைன் தந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் எம்சிசி அசைந்தது. 1935-இல் சோதனை முறையாக, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கும் எல்பிடபிள்யூ கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் கால் ஸ்டம்புக்கு நேரே இருக்கும்போது பட்டால் மட்டும். புது விதிப்படி அவுட் கொடுத்தால் நடுவர் ஸ்கோர் எழுதுபவருக்குத் தனியாகச் சைகை செய்ய வேண்டும். ஏட்டில் அதைத் தனியே குறித்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்து முதல்தர ஆட்டங்களில் விழுந்த 1,560 எல்பிடபிள்யூக்களில் 483 புது விதியில் வந்தவை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அதாவது, அதுவரை ஆண்டுக்கு நானூற்றுச் சொச்சம் பேர் அவுட்டாகியும் அவுட்டாகாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து கேப்டனாக இருந்த பாப் வயட் கடைசிவரை இதை எதிர்த்தார். பேட்ஸ்மேன்களில் தலைசிறந்தவரான பிராட்மன் ஆதரித்தார். இன்னும் ஒரு படி மேலே போய், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும் கொடுக்க வேண்டும் என்றார். 1937-இல் சோதனை விதி நிரந்தரமானது. பிராட்மன் சொன்ன அந்த அடுத்த படியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவர் ஒரு டிரினிடாட்காரர்.

சன்னி ராமதின். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர். வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர். சின்ன உருவம். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். அதே கைவீச்சில் ஆஃப் பிரேக்கும் வரும், லெக் பிரேக்கும் வரும். எது எதென்று கையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. 1950-இல் இருபத்தொரு வயதில் லார்ட்ஸில் 11 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் வெஸ்ட் இண்டீஸின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழிவகுத்தார். அவரும் ஆல்ஃப் வாலண்டைனும் அந்தத் தொடரில் மட்டும் 59 விக்கெட். ஏழாண்டு கழித்தும் இங்கிலாந்துக்கு அவர் புதிராகவே இருந்தார்.

1957 மே 30, எட்ஜ்பாஸ்டன். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 186-க்குச் சுருண்டது. ராமதின் 49 ரன்னுக்கு 7 விக்கெட். வெஸ்ட் இண்டீஸ் 474 எடுத்தது. காலி ஸ்மித் 161. இரண்டாவது இன்னிங்ஸிலும் ராமதின் சீக்கிரமே இருவரை வீழ்த்தினார். திங்கட்கிழமை காலை 113-க்கு 3 என்ற நிலையில் கேப்டன் பீட்டர் மேயுடன் காலின் கவுட்ரி சேர்ந்தார். இன்னும் 175 ரன் பின்தங்கியிருந்தார்கள்.

அவர்கள் கண்ட வழி இது. ராமதினின் கையைப் படிக்க முயல்வதை விட்டுவிடுவது. ஒவ்வொரு பந்தையும் ஆஃப் பிரேக் என்றே வைத்துக்கொள்வது. இடது காலை எட்டும் வரை முன்னே, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது; மட்டையைப் பேடுக்கு ஒட்டி, சற்றுப் பின்னால் பிடிப்பது. பந்து உள்ளே திரும்பினால் பேடில் படும்; பட்ட இடம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, ஆகவே 1937 விதிப்படி அவுட் இல்லை. வெளியே திரும்பினால் மட்டையின் விளிம்பைத் தாண்டிப் போகும். நேராக வந்தாலும், கால் அவ்வளவு முன்னே நீண்டிருப்பதால் பந்து இன்னும் எவ்வளவோ தூரம் போக வேண்டும் என்று நடுவர் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுவார். ராமதின் அப்பீல் செய்தார். மறுபடி அப்பீல் செய்தார். அடுத்த ஓவரிலும் செய்தார். நடுவர் எம்ரிஸ் டேவிஸும் சார்லி எலியட்டும் அசையவில்லை. விதியின்படி அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அன்று முழுவதும், மறுநாளும் தொடர்ந்தது. எட்டு மணி நேரத்துக்கும் மேல் இருவரும் பிரியவில்லை. 411 ரன். 2024-இல் முல்தானில் ஜோ ரூட்டும் ஹாரி புரூக்கும் 454 எடுக்கும்வரை எந்த விக்கெட்டுக்கும் இங்கிலாந்தின் மிகப் பெரிய கூட்டு அதுதான். கவுட்ரி 154, மே ஆட்டமிழக்காமல் 285. இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 583 எடுத்து டிக்ளேர் செய்தது.

ராமதினின் கணக்கைப் பாருங்கள். அந்த இன்னிங்ஸில் மட்டும் 98 ஓவர், 35 மெய்டன், 179 ரன், 2 விக்கெட். 588 பந்துகள். டெஸ்ட் வரலாற்றில் ஒரே இன்னிங்ஸில் வேறு எவரும் அவ்வளவு வீசியதில்லை. ஆட்டம் முழுவதும் சேர்த்து 774. கேப்டன் ஜான் கோடார்டுக்கு வேறு வழியும் தெரியவில்லை. மறுமுனையில் டெனிஸ் அட்கின்சன் 72 ஓவர் வீசினார். மீதமிருந்த நேரத்தில் வெஸ்ட் இண்டீஸ் 72-க்கு 7 என்று தள்ளாடி, கோடார்ட் ஒரு ரன்னும் எடுக்காமல் நின்று ஆட்டத்தை டிரா ஆக்கினார். தொடரை இங்கிலாந்து 3-0 என்று வென்றது. ராமதின் அந்தத் தொடர் முழுவதிலும் எடுத்தது 14 விக்கெட். அதில் பாதி எட்ஜ்பாஸ்டனின் அந்த முதல் இன்னிங்ஸில் எடுத்தவை. பழைய ராமதின் திரும்ப வரவே இல்லை. மே, கவுட்ரி இருவரும் பெரிய ஆட்டக்காரர்கள், அவர்கள் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த 411 ரன்னில் ஒரு பங்கு, சந்தா கட்டி எம்சிசியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேரும். இருபது ஆண்டு முன்பு பிராட்மன் சொன்னதை அவர்கள் கேட்டிருந்தால் அந்தக் கால் அங்கே போயிருக்காது.

எட்ஜ்பாஸ்டனுக்குப் பிறகு பேடு ஆட்டம் தொற்றுநோய் போலப் பரவி, கூட்டம் குறைந்து, 1960-கள் சோர்ந்து போயின. 1969-70-இல் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஒரு திருத்தத்தைச் சோதித்தன: மட்டையால் அடிக்க உண்மையான முயற்சி எடுக்காமல் காலை நீட்டினால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் அவுட். 1972-இல் மற்ற நாடுகளும் ஏற்றன, 1980-ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் அது நிலைபெற்றது. கவனித்தீர்களா, 1788-இல் தூக்கி எறிந்த பேட்ஸ்மேனின் மனம் மறுபடி விதிக்குள் வந்துவிட்டது. மட்டையைப் பேடுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆடுவது போல நடிப்பவனை நடுவர் இன்றும் ஊகித்துத்தான் தீர்மானிக்கிறார். 2008-இல் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் இந்தியா–இலங்கை டெஸ்டில் சோதனைக்கு வந்த மறுஆய்வு முறை, முன்னே நீண்ட காலுக்கு இருந்த சந்தேகத்தின் பலனைப் பிடுங்கியது. பந்து மீதித் தூரத்தில் எங்கே போயிருக்கும் என்று கணினி வரைந்து காட்டியபோது, சுழற்பந்து வீச்சாளர்கள் அவ்வளவு காலமும் கத்தியது நியாயம்தான் என்று தெரிந்தது. அதை விரிவாக அடுத்த அத்தியாயத்தில் பேசுவோம்.

லெக் பக்கம் மட்டும் மாறவில்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்து என்ன திரும்பினாலும் எல்பிடபிள்யூ இல்லை. பேட்ஸ்மேனின் முதுகுப் பக்கம், அவன் கண்ணுக்கு மறைந்த இடம், அங்கே வீசுவதை ஊக்குவித்தால் ஆட்டமே கெடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அதனால் பேட்ஸ்மேனுக்கு அங்கே ஒரு பாதுகாப்பான வீடு கிடைக்கிறது. 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் ஷேன் வார்ன், ஸ்டம்பைச் சுற்றி வந்து, காலடியில் கிளறிப்போன மண்ணில், லெக் ஸ்டம்புக்கு வெளியே வீசினார். சச்சின் டெண்டுல்கர் நினைத்திருந்தால் நாள் முழுக்கப் பேடைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்; அவுட் கேட்கக்கூட முடியாது. அவரோ அந்தத் தொடருக்கு முன்பே நம் லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அதே இடத்தில், அதே கோணத்தில் வீசச் சொல்லிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடம் விழுந்தவர், இரண்டாவதில் அந்தப் பந்துகளை மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்து ஆட்டமிழக்காமல் 155 எடுத்தார். விதி கொடுத்த வீட்டுக்குள் ஒளியாமல் வெளியே வந்து அடித்ததால்தான் அந்த இன்னிங்ஸை இன்னும் பேசுகிறோம்.

இப்போது அந்த வீட்டுக்கும் ஒரு வழக்கு வந்திருக்கிறது. ஸ்விட்ச் ஹிட், ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் பேட்ஸ்மேன் பந்து வருவதற்குள் திரும்பிக்கொள்கிறான். ஆனால் எது ஆஃப், எது லெக் என்பது பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியபோது அவன் நின்ற நிலையை வைத்தே முடிவாகிவிடுகிறது. ஆகவே வலக்கை ஆட்டக்காரன் திரும்பி நின்று அடிக்கப் போய்த் தவறவிட்டு, பந்து காலில் பட்டாலும், அது லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. 2022-இல் ரூட் இப்படி ஆடியதைப் பார்த்துவிட்டு அஸ்வின் வெளிப்படையாகக் கேட்டார்: அடிக்கட்டும், அது அவர் திறமை; ஆனால் திரும்பி நின்றவருக்கு அது மறைவான பக்கம் எப்படி ஆகும், எல்பிடபிள்யூ ஏன் கொடுக்கக் கூடாது? இயான் சாப்பல் அதையும் தாண்டி, எங்கே குத்தினாலும் ஸ்டம்பை அடிக்கும் பந்தென்றால் அவுட் கொடுங்கள் என்கிறார். லிட்டில்டன் கேட்டதைவிடவும் அகலமான கோரிக்கை அது. சாப்பல் சொல்வதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, லெக் பக்கமே வீசிக் கட்டிப்போடும் பழைய தந்திரம் திரும்பிவிடும். அஸ்வின் கேட்பதில் தயக்கமில்லை. கண்ணுக்கு மறைவான பக்கம் என்பதற்காகத்தான் அந்தச் சலுகை. தானே திரும்பி அந்தப் பக்கத்தைக் கண்ணெதிரே கொண்டுவந்தவனுக்கு அது எதற்கு? விதிப்புத்தகம் இன்னும் எம்சிசி கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)